கைமாற்று வெளிச்சம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலமை மிக்க பெரியோர் ஏறிக் குறளின் நயத்தையும் சிலம்பின் சிறப்பையும் எடுத்துரைக்க, கேட்டு மகிழ்ந்தவர்கள் நீங்கள். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். இரயில்வே சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவன். "எதைப் பற்றிப் பேசுவது?" என்று செயலாளர் அவர்களைக் கேட்டேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்றார். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றே. ஆகவே மின்சாரத்தின் கணக்கை, அதிலும் எண்ணெயை எரித்துப் பெறும் மின்சாரத்தின் கணக்கை உங்கள் முன் விரித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

இப்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை நம் பொதுக்குழு கூடுகிறது. கட்டிட நிதியில் மிஞ்சியிருக்கும் தொகையைக் கொண்டு காலனி முழுமைக்கும் பெரிய டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்குவதா, சங்கக் கட்டிடத்தின் கூரைமீது சூரிய ஒளித் தகடுகளைப் பதிப்பதா என்பதே அக்கூட்டத்தின் முதற்பொருள். இதன் பொருட்டு நம்முள் சிலர் ஒருவரோடொருவர் பேசாமலும் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். நானும் ஒரு கட்சியில் இருந்தவன். பின்னர்ச் சற்று மாறியவன். அந்த மாற்றத்தின் கதையே இன்றைய என் பேச்சு.

1996-ஆம் ஆண்டு பங்குனி மாதம். எனக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. சாமல்பட்டிப் பக்கத்திலிருந்து இருப்புப்பாதை வேலைக்காகப் பெங்களூர் வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. என் தந்தையார் கேங்மேனாக இருந்தார். அந்நாளில் இந்நகரத்து மின்சாரத்தின் போக்கு இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மாலை ஆறு மணிக்குப் போனால் எட்டு மணிக்கு வரும். வந்த சுவடு ஆறுமுன் மீண்டும் போகும். அரிக்கேன் விளக்கின் அருகே நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தந்தையார் திண்ணையில் அமர்ந்து எலகங்கா மின்நிலையம் இருந்த திசையை நோக்கிக்கொண்டிருந்தார். அது தொடங்கி அப்பொழுது இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. எண்ணெயால் ஓடும் நிலையம் அது என்று எவரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, அங்கேயும் எண்ணெய்தான் எரியுது, இங்கேயும் எண்ணெய்தான் எரியுது. அப்புறம் நடுவிலே அந்தக் கம்பி எதுக்கு?"

நான் சிரித்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மனிதரின் கேள்வி எளிய கேள்வியன்று என்பதை உணர எனக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

பெரியோர்களே, இந்த மாநிலத்தின் முதல் மின்சாரம் எண்ணெயில் பிறந்ததன்று; நீரில் பிறந்தது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரின் முயற்சியால் சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியைக் கொண்டு மின்நிலையம் எழுந்தது. 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கிருந்து புறப்பட்ட மின்சாரம் எங்கே சென்றது தெரியுமா? அரண்மனைக்கன்று, பெங்களூருக்குமன்று. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே கோலார் தங்க வயலுக்குச் சென்றது. அக்காலத்து உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் அதுவும் ஒன்று. தங்க வயலின் சுரங்கத்துள் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த நம் மக்கள். இன்று இங்கே அமர்ந்திருப்போரில் சிலருடைய பாட்டனார்களும் அவர்களுள் உண்டு. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது 1905 ஆகஸ்டில்தான். காவிரி முதலில் இம்மண்ணில் விளக்கேற்றிவிட்டுப் பின்னர் நம் ஊர்களின் வயல்களுக்கு நடந்தாள். மின்சாரம் தந்ததால் அவளிடம் ஒரு சொட்டும் குறையவில்லை. நீர் மின்சாரத்தின் பெருமை அதுவே.

அந்தப் பெருமையிலேயே இம்மாநிலம் நெடுங்காலம் வாழ்ந்தது. 1948-இல் ஜோக் அருவியினருகே ஒரு நிலையம் வந்தது. 1964 முதல் சராவதி நிலையம் படிப்படியாக வளர்ந்து ஆயிரம் மெகாவாட்டைக் கடந்தது. இராய்ச்சூரில் முதல் நிலக்கரி நிலையம் ஓடத் தொடங்கியது 1985-இல். அதுவரை மழையே இம்மாநிலத்தின் மின்சார இலாகா என்று சொன்னால் மிகையாகாது. மழை பொய்த்த ஆண்டுகளில் அணை வற்றும். அணை வற்றினால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் கூலி நிற்கும். நகரமோ வளர்ந்துகொண்டே இருந்தது. நம் எலகங்காவிலேயே 1984-இல் இரயில் சக்கரத் தொழிற்சாலை வந்தது. பழைய இரும்பை மின்சார வில் உலையில் உருக்கிச் சக்கரமாக வார்க்கும் இடம் அது. இத்தகைய உலைக்கு மின்சாரமே உணவு.

இந்நிலையில் அரசு என்ன செய்ய முடியும்? நிலக்கரி இம்மாநிலத்தில் விளைவதில்லை. தொலைவிலிருந்து வண்டி வண்டியாக வரவேண்டும். நிலக்கரி நிலையம் ஒன்றைக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். புதிய அணை கட்டவோ காடும் ஊரும் மூழ்கவேண்டும். எண்ணெய் எஞ்சினோ ஆலையிலேயே உருவாகி வந்து இறங்குவது. அடித்தளம் போட்டு நிறுத்தினால் விரைவில் ஓடும். நகரத்தின் அருகிலேயே நிறுத்தலாம் என்பதால் கம்பியில் கசியும் இழப்பும் குறையும். நிலக்கரிக் கொதிகலன் சூடேறப் பல மணி நேரம் ஆகும். எண்ணெய் எஞ்சின் சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். இத்தகைய நன்மைகளை உத்தேசித்தே பல நாடுகள் எண்ணெய் நிலையங்களை நாடின. எலகங்காவிலும் 1993, 1994-ஆம் ஆண்டுகளில் ஆறு பெரிய டீசல் எஞ்சின்கள் நிறுவப்பெற்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 மெகாவாட். ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 128 மெகாவாட்.

இந்த எஞ்சினின் தன்மையைத் தாய்மார்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்பொழுது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பிள்ளைகள் அறிவார்கள். காற்றை அழுத்தினால் அது சூடேறும். மிகக் கடுமையாக அழுத்தினால், அதனுள் தெளிக்கும் எண்ணெய் நெருப்புக் குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இந்த உண்மையைக் கொண்டு எஞ்சின் செய்தவர் ஜெர்மானியராகிய ருடால்ஃப் டீசல் என்பார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அவருடைய முறைப்படி அமைந்த சிறிய எஞ்சின் ஒன்று கடலையெண்ணெயில் ஓடிற்று என்றால் நம்புவீர்களா? அது உண்மை.

ஆனால் மின்நிலையத்து எஞ்சின்கள் பெரும்பாலும் பருகுவது கடலையெண்ணெயுமன்று, பங்கில் விற்கும் டீசலுமன்று. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், சீமெண்ணெய், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்த பின்னர் அடியில் தங்கும் கறுத்த, கெட்டியான எண்ணெயையே பெரிதும் பயன்படுத்துவார்கள். ஃபர்னஸ் ஆயில் என்பது அதன் பெயர். குளிர்ந்தால் பாகுபோல் உறைந்து நிற்கும். நன்கு சூடேற்றி, சுழற்றிக் கசடு பிரித்த பிறகே எஞ்சினுக்குள் விடவேண்டும். பிரித்த கசட்டை எங்கேயாவது வைத்தாக வேண்டும். எரிந்த புகையில் கந்தகம் இருக்கும். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர்த் தேவைப்படும்.

நம் இரயில்வே நண்பர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். டீசல் இரயில் எஞ்சின் என்பதே சக்கரத்தின்மேல் ஏறிய ஒரு சிறு மின்நிலையந்தான். எண்ணெய் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும். ஜெனரேட்டர் தரும் மின்சாரம் சக்கரத்து மோட்டாரைச் சுழற்றும். நெடுங்காலம் நம் பாதைகளில் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினின் வலு 2,600 குதிரைத்திறன். அத்தகைய எஞ்சின்கள் பதினொன்றைச் சேர்த்தால் எலகங்காவின் ஒரே ஓர் எஞ்சினுக்கு ஈடாகும்.

இப்பொழுது என் தொழிலுக்குரிய கணக்கிற்கு வருகிறேன். இத்தகைய நல்ல எஞ்சின் ஒரு யூனிட் மின்சாரம் தர ஏறத்தாழ 220 கிராம் எண்ணெய் எரிக்கும். 128 மெகாவாட் நிலையம் முழு வீச்சில் ஒரு மணி நேரம் ஓடினால் 1,28,000 யூனிட். அதற்கு 28 டன் எண்ணெய். ஒரு நாள் முழுதும் ஓடினால் ஏறத்தாழ 675 டன். அகலப் பாதை எண்ணெய் டாங்கி வேகன் ஒன்று சுமப்பது ஏறத்தாழ 54 டன். ஆக, நாளொன்றுக்குப் பதின்மூன்று வேகன். நான்கு நாளைக்கு ஐம்பது வேகன் கொண்ட ஒரு முழு வண்டி. இது ஒரு நகரத்தின் தேவையில் ஒரு பகுதிக்கு மட்டுமே! சரக்குக் கணக்கு எழுதுகிற எனக்கு, விளக்கைப் பார்க்கும்பொழுதெல்லாம் அந்த வேகன்களின் வரிசை கண்முன் நிற்கும்.

வீட்டுக் கணக்காகவும் சொல்கிறேன். மாதம் நூறு யூனிட் செலவழிக்கும் நம் குடும்பம் ஒன்று எண்ணெய் மின்சாரத்தை மட்டுமே நம்பினால் மாதம் 22 கிலோ எண்ணெய் எரிகிறது. பலசரக்குக் கடையில் வாங்குகிற 15 கிலோ டின்னில் ஒன்றரை டின். வீட்டு வாசலில் நாமே மாதந்தோறும் ஒன்றரை டின் எண்ணெயை ஊற்றி எரிப்பதாக இருந்தால், ஆளில்லாத அறையில் விசிறி சுற்ற எந்த இல்லத்தரசியாவது விடுவாரா?

எனினும் நியாயத்தையும் சொல்லவேண்டும். ஒரு லிட்டர் சீமெண்ணெய் எங்கள் அரிக்கேன் விளக்கில் நாற்பது மணி நேரம் மங்கலாக எரியும், கண்ணும் எரியும். ஒரு லிட்டர் எண்ணெயை எஞ்சினில் இட்டால் நான்கு யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். அதனால் இன்றைய 9 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று நானூறு மணி நேரத்திற்கு மேல் பளிச்சென்று எரியும். ஆகவே என் தந்தையாரின் கேள்விக்கு ஒரு பாதி விடை இது: கம்பி வீணன்று; அது எண்ணெயைப் பத்து மடங்குக்கு மேல் பயனுள்ளதாக்குகிறது. எலகங்கா நிலையம் தந்த மின்சாரத்தில் பல பிள்ளைகள் படித்தார்கள், பல ஆலைகள் ஓடின. அதைக் கட்டியவர்களைக் குறை கூற நான் வரவில்லை.

மற்றைப் பாதி விடைக்குத்தான் கணக்கேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டவேண்டும். வரவைப் பார்த்தோம், பற்றைப் பார்ப்போம்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தின்மீது படையெடுத்தது. எண்ணெய் விலை ஏறிற்று. நம் நாட்டின் அந்நியச் செலாவணி ஏற்கெனவே மெலிந்திருந்தது. இந்த அடியும் சேர்ந்தபொழுது தாங்கவில்லை. 1991 ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் நாடுகளின் மத்திய வங்கிகளிடம் ஈடாக வைத்துக் கடன் வாங்கினோம். பெரியோர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இம்மாநிலத்தின் முதல் மின்சாரம் தங்கத்தை வெளியே எடுக்கச் சென்றது. 89 ஆண்டுகள் கழித்து, எண்ணெய் முதலியவற்றின் கடன் பொருட்டு நாட்டின் தங்கம் விமானம் ஏறும் நிலை வந்தது. தங்க வயலும் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. தங்கத்தின் கதை முடிந்தது. எண்ணெயின் கதை முடியவில்லை.

எண்ணெய்க்கு நிலையான விலை இல்லை. 1998-இல் கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்று பத்துப் பன்னிரண்டு டாலருக்கு விற்றது. 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்டது. அரிசி விலை பத்தாண்டில் பன்னிரண்டு மடங்கு ஏறினால் ஒரு குடும்பம் என்ன ஆகும்? எண்ணெய் நிலையங்களுக்கு நேர்ந்தது அதுவே. தமிழ்நாட்டிலும் சென்னை பேசின் பிரிட்ஜ், மதுரைச் சமயநல்லூர், எங்கள் சாமல்பட்டி ஆகிய இடங்களில் 1990-களின் இறுதியிலும் 2001-ஐ ஒட்டியும் தனியார் எண்ணெய் நிலையங்கள் எழுந்தன. சொந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சிம்னிகளைப் பார்த்துப் பெருமைப்பட்டவன் நான். அந்த நிலையங்கள் தந்த யூனிட்டின் விலையோ நீர், நிலக்கரி யூனிட்டுகளைவிட மிக உயர்ந்தே நின்றது. வேறு வழியில்லாத நேரத்தில் ஓடச் சொல்வதும், வழி கிடைத்தவுடன் நிறுத்தச் சொல்வதும் எண்ணெய் நிலையங்களின் தலைவிதியாயிற்று. எலகங்காவின் டீசல் எஞ்சின்களும் ஓய்ந்துபோயின. அவ்விடத்தில் 370 மெகாவாட் எரிவாயு நிலையம் கட்டப்பெற்றது. 2020 அக்டோபரில் அதன் சோதனை நாட்களில் தீ விபத்து நேர்ந்து, பணியாளர் பலர் காயமுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. 2024-இல் அந்நிலையம் தொடங்கி வைக்கப்பெற்றது. நாம் தட்டும் ஒவ்வொரு ஸ்விட்சுக்குப் பின்னும் யாரோ ஒருவருடைய வியர்வை இருக்கிறது என்பதை மறவாதிருப்போம்.

இனி, கடல் கடந்து நம் உறவினர் வாழும் நாட்டைப் பாருங்கள். இலங்கையும் நம்மைப்போலவே நீர் மின்சாரத்தில் தொடங்கிய நாடு. மழை போதாமற்போக, சபுகஸ்கந்தையிலும் களனிதிஸ்ஸவிலும் எண்ணெய் நிலையங்கள் வந்தன. யாழ்ப்பாணக் குடாநாடோ போர்க்காலத்தில் நாட்டின் பொது மின்கம்பியிலிருந்து அறுபட்டு, ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஜெனரேட்டர்களின் தயவில் வாழ்ந்தது. சுன்னாகம் அதன் மையம். அந்த வெளிச்சம் இல்லையேல் மருத்துவமனையும் இல்லை, பள்ளியும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் அடியில் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். 2014, 2015-ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது பெரும் பிரச்சினையாக எழுந்தது. குடிக்க நீரில்லாமல் மக்கள் தவித்தார்கள். 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் இதை விசாரித்துத் தீர்ப்பளித்து, 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க ஆணையிட்டது. கசட்டை எங்கேயாவது வைத்தாக வேண்டும் என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? வைக்கும் இடத்தின் கீழே யாருடைய கிணறோ இருக்கிறது.

அதன்பின் 2022 வந்தது. இலங்கையிடம் எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. எரிபொருள் ஏற்றிய கப்பல் துறைமுகத்தருகே வந்து நிற்கிறது, பணம் கட்டினால்தான் இறக்குவோம் என்கிறது, கட்டப் பணமில்லை. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. எஞ்சின்கள் பழுதாகவில்லை; கம்பிகள் அறுந்துபோகவில்லை; வேலை தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். எண்ணெய் வாங்கக் காசு மட்டும் இல்லை. தன் அடுப்புக்கு அடுத்த வீட்டு நெருப்பையே நம்பும் குடும்பத்தின் நிலை அது.

இவற்றையெல்லாம் தொகுத்து நான் கண்டது ஒன்றே. எண்ணெய் மின்சாரம் கைமாற்று. மாதக் கடைசியில் கையைக் கடிக்கும்பொழுது அண்டை வீட்டில் நூறு ரூபாய் வாங்குகிறோம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. அது குழந்தையின் மருந்துக்கு உதவும். ஆனால் கைமாற்றைச் சம்பளம் என்று எண்ணிக் குடும்பம் நடத்தினால் என்னாகும் என்பதை இங்குள்ள ஒவ்வொருவரும் அறிவர். வளரும் நாடுகள் செய்த பிழை எண்ணெயை நாடியதன்று. அவசரத்துக்கு வாங்கியதை வாடிக்கையாக்கியதே பிழை.

இனி நம் காலனிக்கு வருகிறேன்.

ஜெனரேட்டரே கூடாது என்று போன ஆண்டு இந்த மண்டபத்தில் உரக்கப் பேசியவன் நான்தான். ஒரு லிட்டர் டீசல் அப்பொழுது தொண்ணூறு ரூபாயை ஒட்டி விற்றது. நாம் வாங்கக்கூடிய அளவுள்ள ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் தரும். எண்ணெய்ச் செலவு மட்டுமே யூனிட்டுக்கு முப்பது ரூபாயை நெருங்கும். கம்பி வழியே வரும் யூனிட்டைப்போல் நாலைந்து மடங்கு என்று கணக்கு வாசித்தேன். கணக்கு சரிதான். கைதட்டலும் கிடைத்தது.

சித்திரை மாதத்தில் ஓரிரவு பெருங்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தது. எதிர் வரிசையில் ஒரு பெரியவர். நுரையீரல் நோயினால் பிராணவாயு இயந்திரத்தின் துணையோடு வாழ்பவர். மின்சாரம் நின்றதும் இயந்திரமும் நின்றது. அவர் மருமகள் ஓடி வந்து, "அண்ணா, உங்க வீட்டிலே இன்வெர்ட்டர் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது, ஆனால் பேட்டரி பழையது, கால் மணி நேரத்தில் அதுவும் ஓய்ந்தது. பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம். அவர் மூச்சு வாங்கிய ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. இறையருளால் பிழைத்தார், இதோ, முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்று அந்த ஆட்டோவில் யாராவது என்னிடம் யூனிட் முப்பது ரூபாய் என்று சொல்லியிருந்தால், முந்நூறு ரூபாயானாலும் கொடு என்றிருப்பேன்.

ஆகவே நான் மாறினேன். ஆனால் எதிர்க்கட்சிக்கு முழுதும் போய்விடவில்லை.

காலனி முழுவதற்கும் ஒளி, விசிறி, தொலைக்காட்சி எல்லாம் ஓட்டும் பெரிய ஜெனரேட்டர் வேண்டாம். அது கைமாற்றில் கலியாணம் செய்வதாகும். சங்கக் கட்டிடத்தின் கூரையிலே சூரிய ஒளித் தகடுகளையும் பேட்டரியையும் வைப்போம். துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில், மழை பொய்த்த மண்ணில், விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்த 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா 2019-இல் நிறைவெய்தியது. நீருக்கு வானத்தை நோக்கி ஏமாந்த நிலம் வெயிலுக்கு வானத்தை நோக்கிப் பிழைக்கிறது. நம் கூரைக்கும் அதே வெயில்தான். ஆயினும் வெயில் இரவில் இல்லை. கார்காலத்தில் ஒளி குறையும். பேட்டரிக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்காகச் சிறிய ஜெனரேட்டர் ஒன்றும் இருக்கட்டும். மூன்றே பணிகளுக்கு மட்டும் அது ஓடட்டும்: நோயாளியின் இயந்திரம், குடிநீர்ப் பம்பு, தேர்வுக் காலத்தில் பிள்ளைகள் படிக்க இம்மண்டபத்தின் விளக்குகள். எரியும் ஒவ்வொரு லிட்டரையும் ஒரு நோட்டில் எழுதி மண்டப வாசலில் தொங்கவிடவேண்டும். அந்த நோட்டை எழுதும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

என் தந்தையாரின் கேள்விக்கு மற்றைப் பாதி விடையை இப்பொழுது சொல்லலாம். நடுவிலே கம்பி இருப்பதால் எண்ணெய் எரிவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அரிக்கேன் விளக்கில் எண்ணெய் குறைவதை என் தாயார் இரவுதோறும் பார்ப்பார், திரியைத் தாழ்த்துவார். கம்பியின் மறுமுனையில் குறைவதை நாம் பார்ப்பதில்லை, ஆகவே தாழ்த்துவதுமில்லை. கம்பி தரும் நன்மையைப் பெற்றுக்கொண்டே, அது மறைப்பதைக் காணும் கண்ணையும் பெறவேண்டும். அந்த நோட்டு அதற்காகத்தான்.

என் தந்தையார் இன்று இல்லை. அவர் பணியிலிருக்கையில் மறைந்தமையால் கிடைத்த வேலையில்தான் நான் அமர்ந்திருக்கிறேன். அவர் எழுப்பிய கேள்விக்கு இன்று உங்கள் முன் விடை கூறும் பேறு கிடைத்தது. இரு கட்சியாரும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கோபத்தை வாசலில் விட்டுவிட்டுக் கணக்கோடு வாருங்கள். முடிவு எதுவாயினும், முதல் வரிசைப் பெரியவரின் மூச்சும், நம் பிள்ளைகளின் நாளைய கடனும் இரண்டும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும்.